லினக்ஸ் கர்னல் மேலேயே ஓடும் கற்பனைக் கொன்சோல்: முதல் வரியிலிருந்து பென்ட்ரைவ் வரை

மட்டக்களப்பு ரவுணிலும் கல்முனையிலும் பழைய அலுவலகக் கணினிகளுக்குக் குறைவில்லை. கோர் 2 டியோ, முதல் தலைமுறை ஐ3, 2 ஜிபி ரேம், சதுர மொனிட்டர் என்று கடைகளின் பின்னறைகளில் அடுக்கிக் கிடக்கும். இன்றைய பிரவுசரைத் திறந்தாலே இந்தப் பெட்டிகளுக்கு மூச்சு வாங்கும். ஆனால் 256×192 புள்ளித் திரையில் ஒரு தோணியை ஓட்டச் சொல்லிப் பாருங்கள், அதன் பலத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூடக் கேட்காது.

கற்பனைக் கொன்சோல் என்பது வன்பொருளாக ஒருநாளும் இருந்திராத, மென்பொருளிலேயே பிறந்த கேம் இயந்திரம். பிக்கோ-8 என்பதில் திரை 128×128, நிறங்கள் 16, ஒரு கார்ட்ரிட்ஜ் (ஓர் ஆட்டத்தின் கோப்பு) 32 கேபி. திறந்த மூலமான டிக்-80 இல் திரை 240×136. இவை வழக்கமாக விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் மேல் ஒரு செயலியாக ஓடும். நாம் செய்யப்போவது வேறு. டெஸ்க்டொப், சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி, சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சேர்வர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழும்பியதும் நேராக நம் நிரலிடம் இயந்திரத்தை ஒப்படைக்க வைக்கப்போகிறோம்.

இதில் எனக்குப் பிடித்த இலாபம் வேகம் அல்ல. எல்லாமே ரேமில் ஓடுவதால், சேமிக்கும் கணம் தவிர, கரண்ட் போனாலும் கெட்டுப்போக ஒன்றும் இருக்காது. 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டுப் பார்த்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பொடியனுக்கு யூடியூப் பக்கம் ஓடவும் வழி கிடையாது.

உங்களுக்கு சி மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பொயின்டர் என்றால் பயப்படக் கூடாது. உருவாக்குவதற்கு லினக்ஸ் உள்ள ஒரு கணினி வேண்டும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டச்சிடும்போது அவற்றின் ஆங்கில எழுத்தில் இடுங்கள். நம் கொன்சோலுக்குப் பாடுமீன் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எல்லைகளை முதலில் வகுத்துவிடுங்கள்

கற்பனைக் கொன்சோலின் உயிர் அதன் கட்டுப்பாடுகளில்தான் இருக்கிறது. பலர் பிக்கோ-8 ஐப் பார்த்து அதே 128×128 ஐ எடுத்துவிடுகிறார்கள். தமிழில் எழுத்துக் காட்ட வேண்டும் என்றால் அது போதாது. 8×8 கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து அடங்கும். "ணூ", "ஐ" அடங்காது. தமிழ் எழுத்து வாசிக்கும்படி நிற்க, உயரம் 16 புள்ளியாவது வேண்டும்.

ஆகவே 256×192 ஐ எடுத்தேன். 16 புள்ளி உயரத்தில் 12 வரிகள் கிடைக்கும், ஒரு வரியில் சராசரியாக இருபது எழுத்துகள். கிடை ஆள்கூறு ஒரே பைட்டில் அடங்கும். அதைவிட முக்கியம், நம் ஊரில் கிடைக்கும் மொனிட்டர்களில் இது முழு எண்ணால் பெருகும். 1024×768 இல் நான்கு மடங்கு அப்படியே பொருந்தும். 1366×768 மடிக்கணினியில் அதே நான்கு மடங்கு, இரு பக்கமும் 171 புள்ளி கறுப்பு. 1280×1024 இல் ஐந்து மடங்கு, மேலும் கீழும் 32 புள்ளி மிச்சம். அரை மடங்கு, ஒன்றரை மடங்கு என்று இழுத்தால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் எழுத்து அசிங்கமாகும்.

மிச்ச எல்லைகள்: 16 நிறம், ஒலிக்கு 4 தடம், விசைகள் 6 (நான்கு திசை, இரண்டு பொத்தான்), ஆட்ட நிரலுக்கு 2 எம்பி ரேம். திரை நினைவகம் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 49,152 பைட். நான்கு பிட்டில் அடக்கினால் பாதியாகும். அந்தச் சிக்கனம் இங்கே தேவையில்லை.

எண் 1 நிரல்

கர்னல் எழும்பியதும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்புத் தொகுதியை ரேமில் விரித்து, அதன் வேரில் இருக்கும் "இனிட்" என்ற நிரலை ஓட்டும். அதன் செயல்முறை எண் 1. அது சிஸ்டம்டியா, நீங்கள் எழுதிய நாற்பது வரி சி நிரலா என்று கர்னல் பார்ப்பதில்லை. அது செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். செத்தால் கர்னல் பேனிக், அதாவது இயந்திரமே நின்றுவிடும்.

இதனால் கொன்சோல் முழுவதையும் எண் 1 க்குள் திணிக்காதீர்கள். எண் 1 செய்ய வேண்டியவை மிகக் குறைவு: டெவ்டிஎம்பிஎஃப்எஸ் ஐ /டெவ் இலும், ப்ரொக், சிஸ் இரண்டையும் அதனதன் இடத்திலும் மௌன்ட் செய்வது, பிறகு ஃபோர்க் செய்து பிள்ளைச் செயல்முறையில் கொன்சோலைத் தொடங்குவது, வெயிட்பிஐடி இல் காத்திருப்பது. பிள்ளை ஒழுங்காக முடிந்தால் சிங்க் செய்து ரீபூட் அழைப்பால் இயந்திரத்தை அணைக்கவும். செக்மென்டேஷன் ஃபோல்ட்டில் விழுந்தால் திரும்பத் தொடங்கவும். திரை, விசைப்பலகை, ஒலி எல்லாவற்றையும் பிள்ளையே திறக்கட்டும். அது விழும்போது கர்னல் அவற்றைத் தானாக மூடிவிடும்.

இனிட்டைக் கட்டாயம் ஸ்டாட்டிக்காக, அதாவது நூலகங்களையும் நிரலுக்குள்ளேயே சேர்த்து, இணைக்கவும். மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்தோடு இணைத்தால் கோப்பும் சிறிதாகும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் மாட்டுவது மூன்று பிழை எண்களில். "இனிட்டை இயக்க முடியவில்லை, பிழை -2" என்று வந்தால் கோப்பு இல்லை என்று பொருள். ஆனால் கோப்பு கண்ணுக்கு முன்னால் இருந்தும் இதே பிழை வரும். நிரல் டைனமிக்காக இணைக்கப்பட்டிருக்கும், அது தேடும் லோடர்தான் இல்லாமல் இருக்கும். -13 என்றால் இயக்கும் அனுமதி கொடுக்கவில்லை. -8 என்றால் கர்னலுக்கு அந்தக் கோப்பு வடிவம் புரியவில்லை. அதற்குக் காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

தொகுதியைக் கட்டுவது எளிது. ஒரு அடைவில் இனிட்டையும் வெற்று டெவ், ப்ரொக், சிஸ் அடைவுகளையும் வைத்து, ஃபைன்ட் கட்டளையின் வெளியீட்டை சிபிஐஓ வுக்கு "நியூசி" வடிவத்தில் கொடுத்து, அதை ஜிசிப்பால் சுருக்குங்கள். பிறகு கணினியைப் போல நடிக்கும் க்யூஎம்யூ மென்பொருளுக்கு கர்னலையும் இந்தத் தொகுதியையும் காட்டி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உண்மைக் கணினியை ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. சீரியல் போர்ட்டைக் கொன்சோலாகக் கொடுத்தால் கர்னல் செய்திகள் உங்கள் டேர்மினலிலேயே வரும்.

கர்னலைச் செதுக்குதல்

6.12 போன்ற நீண்டகாலப் பராமரிப்புள்ள பதிப்பை எடுங்கள். சுருக்கிய நிலையில் சுமார் 140 எம்பி வரும். இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம்.

முதலில் டெஃப்கொன்ஃபிக் என்ற வழக்கமான கட்டமைப்பை வைத்து எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். சிறிதாக்கும் ஆசை அதற்குப் பிறகு வரட்டும். டைனிகொன்ஃபிக் என்ற மிகச் சிறிய கட்டமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிடும்: லினக்ஸ் நிரல்களின் வடிவமான எல்ஃப் கோப்பை ஓட்டும் வசதி இல்லை, செய்தி அச்சிடும் ப்ரின்ட்கே இல்லை, 64 பிட் கூட இல்லை. 64 பிட் நிரலை 32 பிட் கர்னலிடம் கொடுத்தாலும், எல்ஃப் வசதியை மறந்தாலும், வருவது மேலே சொன்ன -8.

டைனிகொன்ஃபிக்கிலிருந்து மேலே வருபவர்கள் இவற்றை இயக்க வேண்டும்: 64 பிட், எல்ஃப், இனிட்ராம்எஃப்எஸ், டெவ்டிஎம்பிஎஃப்எஸ், ப்ரொக், சிஸ், ப்ரின்ட்கே, பிசிஐ, ஏசிபிஐ (இல்லாவிட்டால் மின்சாரத்தை அணைக்க முடியாது), ஃபியூடெக்ஸ், ஐநொட்டிஃபை. திரைக்கு இன்டெல் ஐ915, க்யூஎம்யூ வுக்கு பொக்ஸ், மிச்சக் கணினிகளுக்கு சிம்பிள்டிஆர்எம். விசைக்கு ஈவ்டெவ், ஏடி கீபோர்ட், யூஎஸ்பி எச்ஐடி, அதற்குக் கீழே எக்ஸ்எச்சிஐ, ஈஎச்சிஐ. மடிக்கணினியின் சொந்தக் கீபோர்ட் பெரும்பாலும் பழைய பிஎஸ்/2 வழியில்தான் வரும். ஏடி கீபோர்டை விட்டால் யூஎஸ்பி கீபோர்ட் மட்டும் வேலை செய்யும்.

ஒன்றை அணைக்கவும் வேண்டும்: விடி எனப்படும் மெய்நிகர் டேர்மினல். அது இருந்தால் கர்னல் தன் எழுத்துத் திரையை உங்கள் படத்தின் மேல் வரைய வரும், நீங்கள் அழுத்தும் விசைகளை அதுவும் கேட்டுக்கொண்டிருக்கும். "எக்ஸ்பேர்ட்" தெரிவை இயக்கினால்தான் அதை அணைக்கும் இடம் மெனுவில் தெரியும்.

திரை

இணையத்தில் பழைய வழிகாட்டிகள் /டெவ்/எஃப்பி0 ஐத் திறந்து எழுதச் சொல்லும். அரை மணியில் படம் வரும், ஆனால் திரை புதுப்பிக்கும் நேரத்தோடு ஒத்துப்போக வழி சரியாகக் கிடைக்காது. படம் நடுவில் கிழியும். எஃப்பி வழி கர்னலிலேயே ஓரங்கட்டப்பட்டுவிட்டது. நேராக டிஆர்எம் க்கு, அதாவது கர்னலின் இன்றைய திரை வசதிக்கு, போங்கள். லிப்டிஆர்எம் நூலகம் கூடத் தேவையில்லை. கர்னல் தலைப்புக் கோப்புகளும் ஐஓசிடிஎல் அழைப்பும் போதும்.

வரிசை இது. /டெவ்/டிஆர்ஐ/கார்ட்0 ஐத் திறக்கவும். வளங்களின் பட்டியலைக் கேட்கவும். எல்லா டிஆர்எம் பட்டியலையும் போல இதையும் இரண்டு முறை கேட்க வேண்டும், முதலில் எத்தனை என்று அறிய, பிறகு இடம் ஒதுக்கி நிரப்ப. கனெக்டர்களில் "இணைக்கப்பட்டது" என்ற நிலையில் உள்ளதைப் பிடிக்கவும். அதன் மோட் பட்டியலில் "விருப்பமானது" என்ற கொடி உள்ளதை எடுக்கவும். பழைய விஜிஏ வயர் சிலவேளை மொனிட்டரின் விவரத்தைக் கடத்தாது. அப்போது கர்னல் 1024×768 வரையான பொது அளவுகளைத்தான் தரும். நமக்கு அதுவே நான்கு மடங்கு, கவலையில்லை. அதன் பிறகு என்கோடர் வழியாக, பஃபரைத் திரைக்கு அனுப்பும் சிஆர்டிசி யைத் தேடிப்பிடித்து, இரண்டு "டம்ப்" (ஊமை என்று பொருள்; எளிய பட நினைவகம்) பஃபர்களை உருவாக்கி, எம்மேப் செய்து, செட்சிஆர்டிசி கொடுத்தால் திரை உங்களுடையது.

டம்ப் பஃபரை உருவாக்கும்போது கர்னல் பிட்ச் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: ஒரு வரிக்கு எத்தனை பைட் என்று. அதை மட்டுமே நம்புங்கள். 1366 அகலத் திரையில் வரிக்கு 1366 × 4 = 5464 பைட் என்று மனக்கணக்குப் போட்டால் படம் சாய்ந்துவிடும். ஐ915 ஒவ்வொரு வரியையும் 64 பைட் எல்லையில் நிறுத்துவதால் உண்மையில் அது 5504. வித்தியாசம் 40 பைட், அதாவது ஒவ்வொரு வரியும் மேல் வரியைவிட 10 புள்ளி இடப்பக்கம் சரியும். சாய்ந்த கோடுகளாகப் படம் வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள், இதுதான்.

இன்னொன்று, எம்மேப் செய்த அந்த நினைவகம் எழுதுவதற்கு வேகம், வாசிப்பதற்கு மகா மந்தம். ஏற்கெனவே எழுதிய வரியை அங்கிருந்தே வாசித்துக் கீழே பிரதி பண்ணினால் கோர் 2 டியோ தவழும். சாதாரண ரேமில் ஒரு வரிக்கு இடம் வைத்து, 256 புள்ளிகளையும் நிறமாக்கி நான்கு மடங்கு விரித்து, அந்த ஒரு வரியை மெம்கொப்பி மூலம் நான்கு தரம் பஃபருக்குள் தள்ளுங்கள். நிறத்தின் பைட் ஒழுங்கு நினைவகத்தில் நீலம், பச்சை, சிவப்பு, வெறுமை என்று வரும்.

எழுதி முடித்ததும் பேஜ் ஃப்ளிப் (பஃபர் மாற்றம்) கேட்டு, நிகழ்வு வரும்வரை "போல்" என்ற அழைப்பில் காத்திருக்கவும். ஆனால் ஆட்டத்தின் வேகத்தை ஃப்ளிப்போடு கட்டாதீர்கள். பழைய 1280×1024 மொனிட்டர்கள் சில 75 ஹெர்ட்சில் ஓடும். ஆட்டமும் கால் பங்கு கூடுதல் வேகத்தில் ஓடிவிடும். பின்னோக்கி நகராத மொனொட்டொனிக் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வினாடியில் 60 இல் ஒரு பங்கு கடந்தால் மட்டும் ஆட்டத்தை ஓர் அடி நகர்த்துங்கள்.

தமிழ் எழுத்து

இந்த வேலையில் கை ஊன்றிச் செய்ய வேண்டிய பகுதி இது. பெரிய கணினிகளில் ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் எழுத்துகளைக் கோக்கும். நமக்கு அது வேண்டாம். தமிழுக்கு அந்தளவு சிக்கல் கிடையாது. பாமினியில் தட்டச்சிட்டுப் பழகியவர்களுக்கு இந்த யோசனை உடனே பிடிபடும்: ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு படம், அவற்றை ஒழுங்காக அடுக்குவது.

எத்தனை படம் வேண்டும்? உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்களுக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவம், ஆக 108. தனியாக நிற்கும் குறிகள் ஐந்து: அரவு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்தின் வால். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் ஆறு வடிவம் வீதம் 30. ஸ்ரீ ஒன்று. கூட்டினால் 157. ஒவ்வொன்றுக்கும் 16 புள்ளி அகலம், 16 உயரம் ஒதுக்கினால் 32 பைட். மொத்தம் 5,024 பைட். ஒவ்வொரு எழுத்தின் உண்மை அகலத்தைத் தனிப் பட்டியலில் வையுங்கள். "ர" வுக்கும் "ணூ" வுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் வாசிக்கவே ஏலாது.

"தோணி" என்ற சொல்லைப் பார்ப்போம். யூனிகோட்டில் அது நான்கு குறியீடு, பத்தின் அடியில் சொன்னால் 2980, 3019, 2979, 3007: த, ஓகாரக் குறி, ண, இகரக் குறி. யூடிஎஃப்-8 இல் 12 பைட். திரையில் வர வேண்டிய ஒழுங்கு வேறு: இரட்டைக் கொம்பு, த, அரவு, ணி. ஆகவே ஒரு மெய்யைக் கண்டதும் வரையாமல் அடுத்த குறியீட்டை எட்டிப் பாருங்கள். புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்றால் சேர்ந்த படம். ஆகாரம் என்றால் மெய்க்குப் பின் அரவு. எகரம், ஏகாரம், ஐகாரம் என்றால் கொம்பு முதலில், மெய் பிறகு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் என்றால் முன்னும் பின்னும். க, புள்ளி, ஷ என்று வரிசையாக வந்தால் க்ஷ. ஸ்ரீக்கும் இதே போல நான்கு குறியீடுகளை எட்டிப் பார்க்க வேண்டும். முழுச் செயலும் நூறு வரி சி நிரலைத் தாண்டாது.

இதில் ஒரு பொறி உண்டு. ஓகாரத்தை 3019 என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், 3015, 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கார்ட்ரிட்ஜை ஏற்றும் இடத்திலேயே இவற்றை ஒன்றாக்கிவிடுங்கள்: 3014, 3006 சேர்ந்தால் 3018, 3015, 3006 சேர்ந்தால் 3019, 3014, 3031 சேர்ந்தால் 3020. சில விசைப்பலகைகள் இடையில் நுழைத்துவிடும் அகலமற்ற இணைப்பிகளையும் எடுத்துவிடுங்கள். இது ஏன் இத்தனை முக்கியம் என்பது லுவா பகுதியில் தெரியும்.

விசைகள்

/டெவ்/இன்புட் அடைவில் உள்ள ஒவ்வொரு ஈவென்ட் கோப்பையும் திறந்து வாசித்தால், 64 பிட் கர்னலில் 24 பைட் நிகழ்வுகள் வரும். வகை 1 என்றால் விசை. மதிப்பு 1 அழுத்தம், 0 விடுவிப்பு, 2 தானாகத் திரும்புவது. 2 ஐக் கண்டுகொள்ளாதீர்கள். இடம் 105, வலம் 106, மேல் 103, கீழ் 108, இரண்டு பொத்தான்களுக்கு 44, 45. மலிவான யூஎஸ்பி கேம்பேட்களில் திசை விசை அச்சாக வரும்: 0 முதல் 255 வரை, நடு 127 அருகே. 64 க்குக் கீழே இடம், 192 க்கு மேலே வலம் என்று வைத்தால் போதும்.

உங்கள் நிரல் தொடங்கும் நேரத்தில் யூஎஸ்பி பொருட்களைக் கர்னல் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் அடைவைப் பார்த்தால் கீபோர்டே இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள். ஐநொட்டிஃபை வைத்து அந்த அடைவைக் கவனித்து, புதிதாக வருவதைத் திறந்துகொண்டே இருங்கள். இடையில் கேம்பேடைக் கழற்றிச் செருகினாலும் இதே வழி கைகொடுக்கும்.

லுவா, தமிழில்

ஆட்டங்களை எழுத லுவா என்ற சிறு நிரல்மொழியை எடுத்தேன். உயர்தர ஐசிரி படித்தவர்கள் "பைதன் ஏன் இல்லை" என்று கேட்பார்கள். பைதனை ஸ்டாட்டிக்காகக் கட்டி அதன் நூலகங்களையும் ரேமில் ஏற்றுவதைவிட லுவா 5.4 ஐச் சேர்ப்பது பன்மடங்கு எளிது. லுவா பிரேசிலில் 1993 இல் தொடங்கியது. சுத்தமான சி நிரல், வெளியே எதையும் கேட்காது.

பாதுகாப்புக்கு நான்கு காரியம். இயங்குதளம், கோப்பு நூலகங்களைத் திறக்காதீர்கள்; கணிதம், சரம், அட்டவணை, யூடிஎஃப்-8 மட்டும் போதும். நினைவக ஒதுக்கீட்டுச் செயலை நீங்களே எழுதி, 2 எம்பி தாண்டினால் வெறுமையைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு இலட்சம் கட்டளைக்கு ஒருமுறை அழைக்கப்படும் ஹூக் வைத்து, ஒரு வினாடிக்கு மேல் திரும்பாத நிரலைப் பிழையோடு நிறுத்துங்கள். முடிவில்லாச் சுழலை எழுதாத மாணவர் கிடையாது. கார்ட்ரிட்ஜை ஏற்றும்போது எழுத்து வடிவ நிரலை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். லுவாவின் பைட்கோட் பிழையாக இருந்தால் இயந்திரமே விழும்.

இனித் தமிழ். லுவா 5.4 ஐத் தொகுக்கும்போது லுவா_யூசிஐடி என்ற வரையறையைக் கொடுத்தால், ஆஸ்கி அல்லாத எல்லாப் பைட்டையும் அது எழுத்தாக ஏற்கும். மாறிகளுக்கும் செயல்களுக்கும் தமிழ்ப் பெயர் வைக்க அதுவே போதும். இன்னும் ஓர் அடி போகலாம். எல்லெக்ஸ்.சி கோப்பில் 22 ஒதுக்கிய சொற்கள் ஒரே பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சரங்களை மாற்றினால் மொழியே தமிழில் பேசும். ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் எத்தனையாவது இடம் என்பதை வைத்தே லுவா அதை அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு சொல்லும் 40 பைட்டுக்குள் இருக்கவேண்டும். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் என்பதால் 13 குறியீடு வரை. அதைத் தாண்டினால் லுவா அதை நீண்ட சரமாக வைத்து, ஒதுக்கிய சொல்லாகவே கருதாது.

நான் வைத்த சொற்களில் ஒரு சிறு ஆட்டம் இப்படி வரும்:

உள் கிடை = 120
உள் ஆழம் = 150

செயல் புதுப்பி()
  ஒருவேளை விசை(இடது) எனில் கிடை = கிடை - 2 முடி
  ஒருவேளை விசை(வலது) எனில் கிடை = கிடை + 2 முடி
முடி

செயல் வரை()
  துடை(1)
  நிரப்பு(0, 100, 256, 92, 12)
  சிறுபடம்(3, கிடை, ஆழம்)
  எழுது("கல்லடிப் பாலம்", 8, 8, 7)
முடி

வினாடிக்கு 60 தடவை "புதுப்பி" ஐயும், ஒவ்வொரு திரைக்கும் "வரை" ஐயும் சி பக்கமிருந்து அழையுங்கள். விசை, துடை, நிரப்பு, சிறுபடம், எழுது ஆகியவை சி செயல்கள். இடது, வலது வெறும் எண்கள். இப்போது குறியீடுகளை ஒன்றாக்கும் வேலையின் அருமை புரியும்: ஒரு பொடியன் "தோணி" என்ற மாறியை ஒரு கீபோர்டில் எழுதி, அவன் நண்பன் இன்னொன்றில் எழுதினால், பைட்டுகள் வேறுபட்டு லுவா இரண்டையும் வெவ்வேறு மாறியாக எடுக்கும். கண்ணால் பார்த்து அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பிழைச் செய்திகளையும் தமிழாக்குங்கள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. வெறுமையைச் செயலாக அழைத்தது, வெறுமையோடு கூட்டியது, "முடி" விடுபட்டது, எழுத்துக்கு மேற்கோள் மூடாதது என்று மாணவர் மாட்டுவது நாலைந்தில்தான். வரி எண்ணைப் பெரிதாகக் காட்டுங்கள்.

கொன்சோலுக்குள்ளேயே எடிட்டர் வைக்கும் ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதற்கு ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை ஒழுங்கையும் நீங்களே எழுதியாக வேண்டும். வேறு கணினியில் எழுதிப் பென்ட்ரைவில் கொண்டுவந்தால் போதும்.

ஒலி

லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் முழு நூலகத்துக்குப் பதில் டைனிஆல்சா போதும். அது மாதிரி வீதத்தை மாற்றித் தராது, ஆகவே வன்பொருள் பொதுவாக ஏற்கும் 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று கேளுங்கள். ஆட்டத்தின் ஓர் அடிக்கு 800 மாதிரி என்று கணக்கும் நேராக வரும். ஒவ்வொன்றும் 512 மாதிரி கொண்ட நான்கு பகுதி வைத்தால் தாமதம் சுமார் 43 மில்லி வினாடி. ஒவ்வொரு தடத்துக்கும் 32 பிட் எண் ஒன்று. ஒவ்வொரு மாதிரிக்கும் அதிர்வெண்ணுக்கு ஏற்ற அளவு அதைக் கூட்டுங்கள். அதன் உச்ச பிட்டைப் பார்த்தால் சதுர அலை, மேல் பகுதியை மடித்தால் முக்கோண அலை. பாடுமீன் என்று பெயர் வைத்துவிட்டு ஊமையாக விடலாமா? முக்கோண அலையைத் தாழ்ந்த சுருதியில் மெல்ல ஆட்டினால் தொடக்கத் திரைக்கு நல்ல ஒலி கிடைக்கும்.

சத்தமே வரவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். எச்டிஏ ஒலி அட்டை எழும்பும்போது ஊமையாகத்தான் எழும்பும். மிக்சரில் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் சுவிட்சுகளை நீங்களே திறந்து ஒலியளவை ஏற்ற வேண்டும். அடுத்தது, சில இன்டெல் கணினிகளில் எச்டிஎம்ஐ முதல் அட்டையாக நிற்கும். அதன் சாதன எண்கள் 3, 7 என்று போகும். சாதனம் 0 உள்ள அட்டையைத் தேடிப் பிடியுங்கள்.

பென்ட்ரைவில்

இனிட்ராம்எஃப்எஸ் தொகுதியைக் கர்னலுக்குள்ளேயே பொதித்துவிடலாம். கட்டமைப்பில் அதன் மூல அடைவைக் கொடுத்தால் போதும். கட்டளை வரியையும் உள்ளே எழுதுங்கள்: "க்வையட்", "பேனிக்=5". பிந்தையது, எண் 1 செத்தாலும் ஐந்து வினாடியில் இயந்திரத்தைத் தானாக ரீஸ்டார்ட் பண்ணும். ஈஎஃப்ஐ ஸ்டப் தெரிவு இயங்கியிருந்தால், கிடைக்கும் பிசெட்இமேஜ் கோப்பே ஒரு ஈஎஃப்ஐ நிரல், அதாவது கணினியின் தொடக்க மென்பொருளே நேராக ஓட்டும் நிரல். ஃபாட்32 பென்ட்ரைவில் ஈஎஃப்ஐ, அதற்குள் பூட் என்ற அடைவில் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற பெயரில் அதைப் போடுங்கள். பூட்லோடர் தேவையில்லை. செக்கியூர் பூட்டை அணைத்துவிடவும். கோர் 2 டியோ போன்ற பழைய பயோஸ் கணினிகளில் இந்த வழி செல்லாது. அங்கே சிஸ்லினக்ஸைப் பென்ட்ரைவில் நிறுவி அதே கர்னலைக் காட்டுங்கள். சிம்பிள்டிஆர்எம் மட்டும் உள்ள கணினிக்கு சிஸ்எஃப்பி சிம்பிள்எஃப்பி தெரிவும் இயங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்ட்0 வராது.

கார்ட்ரிட்ஜுகளை அதே பென்ட்ரைவில் ஒரு அடைவில் வையுங்கள். சேமிப்புச் சாதனமும் கீபோர்ட் போலத் தாமதித்துத்தான் வரும். சில வினாடி காத்திருந்து மௌன்ட் பண்ணுங்கள், அதுவும் வாசிக்க மட்டும்.

ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளைச் சேமிக்கும் கணத்தில்தான் எழுதும் அனுமதியோடு திரும்ப மௌன்ட் செய்ய வேண்டும். ஃபாட்32 இல் ஜேர்னல் (எழுதுமுன் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, எழுதும் நடுவில் கரண்ட் போனால் கோப்பு பாதியில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு சேமிப்புக் கோப்புகளை முன்கூட்டியே உருவாக்கி, மாறி மாறி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணும், கோப்பு பழுதில்லை என்று சரிபார்க்க ஒரு செக்சமும் இருக்கட்டும். எழுதியதும் எஃப்சிங்க், பிறகு மீண்டும் வாசிப்பு மட்டும். ஏற்றும்போது இரண்டையும் படித்து, செக்சம் சரியானவற்றில் பெரிய எண் உள்ளதை எடுங்கள். இரண்டுமே பிழை என்றால் பிழைத் திரை காட்டி ஆட்டத்தைத் தடுக்க வேண்டாம். முதல் கட்டத்திலிருந்து விளையாட விடுங்கள்.